கீழக்கரை உப்புக்காற்றில் வால்வு ஆம்பும் கிளிப்ஷ் ஹெரசியும்

வால்வு ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வால்வுகளில் ஓடும் ஆம்ப்ளிஃபையர்) வைத்திருப்பவன் ஸ்பீக்கர் வாங்கப் போனால் கடையில் முதல் கேள்வி, "எத்தனை வாட்ஸ் சார்?" என்பதுதான். பன்னிரண்டு என்று சொன்னதும் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். என் ஆம்பில் இருப்பவை இஎல்84 என்ற வகை வால்வுகள், ஜோடியாக வேலை செய்யும் புஷ்-புல் அமைப்பு, ஒரு பக்கத்துக்கு 12 வாட். அதோடு சில வருடங்களாக ஓடுவது அமெரிக்க கிளிப்ஷ் நிறுவனத்தின் ஹெரசி 3 ஸ்பீக்கர். சவூதியிலிருந்து ஊரோடு வந்துவிட்ட மச்சான் வைத்திருந்தது, கார்கோவில் வந்து இறங்கியது.

வாட்ஸ் கணக்கை எனக்குப் புரியவைத்தவர் எங்கள் தெருவில் மைக்செட் வைத்திருந்த காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவோம்). "தம்பி, அப்பல்லாம் வால்வு செட்டுதான். முப்பது வாட்டு. பனைமரத்துல ரெண்டு குழாயக் கட்டிவிட்டா அடுத்த ஊருக்குக் கேக்கும். வாட்டா கத்துச்சு? குழாயில்ல கத்துச்சு!" என்பார்.

அவர் சொன்னதற்குத்தான் சென்சிடிவிட்டி என்று பெயர். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்பது கணக்கு. மூன்று டெசிபல் கூடுதலாக வேண்டுமென்றால் ஆம்பின் சக்தி இரண்டு மடங்காக வேண்டும். முன்பு என்னிடம் இருந்த சிறிய ஸ்பீக்கர் 85. ஹெரசி 3-க்கு நிறுவனம் சொல்வது 99. நடுவில் 14 டெசிபல், அதாவது 25 மடங்கு. என் 12 வாட் இதில் செய்யும் வேலையைப் பழைய ஸ்பீக்கரில் செய்ய 300 வாட் ஆம்ப் வேண்டும். கம்பெனிக்காரர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் தாராளமாகத்தான் போடுவார்கள். நாலைந்து டெசிபல் தள்ளுபடி செய்து பார்த்தாலும் வித்தியாசம் பெரிதுதான்.

ஆனால் சென்சிடிவிட்டியை மட்டும் பார்த்து வாங்கினால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். ஸ்பீக்கரின் பின்னால் '8 ஓம்' என்று எழுதியிருப்பது ஒரு பேச்சுக்குத்தான். உண்மையில் இம்பீடன்ஸ், அதாவது ஸ்பீக்கர் ஆம்புக்குக் காட்டும் மின்தடை, ஒவ்வொரு சுருதிக்கும் ஏறி இறங்கும். டிரான்சிஸ்டர் ஆம்ப் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. வால்வு ஆம்பின் வெளியீட்டில் டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதாலும், அதன் சொந்த மின்தடை கொஞ்சம் அதிகம் என்பதாலும், இம்பீடன்ஸ் ஏறும் இடத்தில் சத்தம் தூக்கும், இறங்கும் இடத்தில் அமுங்கும். ஹெரசியை முதலில் 8 ஓம் டேப்பில் (ஆம்பின் பின்னால் ஒயர் பூட்டும் முனை) போட்டபோது குரல்கள் முன்னால் வந்து நின்று முகத்தில் அடித்தன. 4 ஓம் டேப்புக்கு மாற்றியதும் அடங்கின. அந்த டேப்பில் ஆம்பின் மின்தடை ஏறக்குறைய பாதியாகிவிடும், காரணம் அவ்வளவுதான். காசு செலவில்லாத வேலை. எந்த ஸ்பீக்கர் வாங்கினாலும் இரண்டு டேப்பிலும் கேட்டுப் பாருங்கள்.

நான் சோதிக்க வைத்திருப்பது ராமநாதபுரம் முருகபூபதியின் மிருதங்கம். சொந்த மாவட்டத்து வாசிப்பு என்ற பாசம் ஒரு பக்கம். தொப்பியில் (மிருதங்கத்தின் இடப்பக்கம்) உள்ளங்கையை இழுத்து வரும் கும்கி என்ற வளைந்த ஒலியைப் போல ஸ்பீக்கரின் குட்டை உடைப்பது வேறொன்றும் இல்லை என்பது இன்னொரு பக்கம். போர்ட் (காற்று போக ஓட்டை) வைத்த சில பெட்டிகளில் வால்வு ஆம்ப் போட்டால் கும்கி கிளம்பிய பிறகும் ஒரு நொடி கொழகொழவென்று தொங்கும். ஹெரசி 3 முழுக்க அடைத்த பெட்டி. கும்கி வந்தது, வளைந்தது, போய்விட்டது. வலப்பக்கமான வலந்தலையில் விழும் 'நம்' அடி தோலில் பட்ட இடம்கூடத் தெரிகிறது. நாகூர் ஹனிபா பாடினால் கேட்கவே வேண்டாம், அந்தக் கம்பீரக் குரலுக்கு ஹெரசியில் இருக்கும் ஹார்ன் (காக்காவின் குழாய் மாதிரி) என்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி.

இனி அறை. 14க்கு 12 அடி, உயரம் 10, கான்கிரீட் தளம், டைல்ஸ் தரை. நம் பக்கத்தில் முக்கால்வாசி வீடுகள் இப்படித்தான். இந்த அளவில் அறையே சுமார் 40, 47, 57 ஹெர்ட்ஸில் ஊதும், அதாவது அந்தத் தாழ்ந்த சுருதிகளை மட்டும் பெருக்கிக் காட்டும். ஆழமான பேஸ் தரும் பெரிய டவர் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து வைத்தால் அந்த இடங்களில் ஜன்னல் கண்ணாடி பேசும், பாட்டு கேட்காது. ஹெரசி 3-க்கு அதிகாரபூர்வக் கீழ் எல்லையே 58 ஹெர்ட்ஸ். பேஸுக்கென்று பன்னிரண்டு அங்குல வூஃபரை வைத்துக்கொண்டு இவ்வளவுதானா என்று பலர் குறைப்படுவார்கள். என் அறைக்கு அந்தக் குறைதான் மருந்து. அறை ஊதும் அந்த இடங்கள் வரை அது பெரிதாக இறங்குவதில்லை. பின்பக்கம் ஓட்டை இல்லாததால் சுவரை ஒட்டித் தரையில் வைக்கலாம். சுவரும் தரையும் கொடுக்கும் பேஸ் எனக்குப் போதுமானது.

நடுவிலும் மேலேயும் ஹார்ன் என்பதால் டைல்ஸ் அறையில் முதலில் 'ஸ'கரம் கீச்சிட்டது உண்மை. கெட்டியான பனையோலைப் பாய் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தேன். கொஞ்சம்தான் குறைந்தது, ஓலை மெல்லியது. பின்சுவரில் புத்தக அலமாரியும் பக்கத்தில் இலவம்பஞ்சு மெத்தையும் வந்த பிறகுதான் காது சமாதானமானது. உம்மாவுக்கு மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்திருப்பது இன்னும் பிடிக்கவில்லை.

இந்த ஸ்பீக்கரின் நிஜக் குறை வேறு. சின்ன இரைச்சலையும் விடாது. பழைய ஸ்பீக்கரில் தெரியாத உர்ர் சத்தம் இதில் மூன்றடி தள்ளி நின்றாலும் கேட்டது. கேபிள் டிவி பெட்டியின் கம்பியைக் கழற்றியதும் பெரும்பகுதி போனது. மிச்சம் ஒரு வால்வின் தவறு, மாற்றினேன். கரண்ட் போய் சாதா இன்வெர்ட்டரில் ஓடினால் டிரான்ஸ்ஃபார்மரே இரைகிறது. அப்போது அணைத்துவிடுவது நல்லது.

அடுத்தது உப்பு. கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். ஸ்பீக்கர் ஒயரின் செம்புமுனை பச்சை பூத்துவிடும். நுனியை வெட்டி மறுபடி சீவிப் பூட்ட வேண்டும். வால்வின் கால்களையும் சாக்கெட்டையும் அவ்வப்போது துடைக்காவிட்டால் கரகரப்பு வரும். துடைப்பது ஆம்ப் அணைந்து நன்றாக ஆறிய பிறகு, ஏனென்றால் உள்ளே 300 வோல்ட்டைத் தாண்டி ஓடுகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மாலையில் ஜன்னல் திறந்திருந்தால் முன்துணியில் மண் படியும். பழைய ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் கோனின் விளிம்பை விரலால் தொட்டுப் பாருங்கள். ஃபோம் விளிம்பு என்றால் நம் ஊர் சூட்டிலும் ஈரத்திலும் சில வருடத்தில் பொடிப்பொடியாக உதிரும். துணி அல்லது ரப்பர் விளிம்பு தேவலை. பெட்டி எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) என்றால் அடைமழைக்காலத்தில் அடிப்பக்கம் ஊதாமல் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி வையுங்கள்.

மதுரையில் நண்பர் வீட்டில் எல்எஸ்3/5ஏ வகை சின்ன ஸ்பீக்கர் ஒரு ஜோடி கேட்டேன். 1970களில் பிபிசி வடிவமைத்தது. சென்சிடிவிட்டி ஏறக்குறைய 83-தான், ஆனால் பழைய வகையின் இம்பீடன்ஸ் 15 ஓம் என்பதால் வால்வு ஆம்புக்கு இழுக்கச் சுலபம். பக்கத்தில் உட்கார்ந்து தனிக்குரல் மட்டும் கேட்பவர் என்றால் ஹெரசியை மறந்துவிட்டு அதை வாங்கலாம். எங்கள் வீட்டில் பெருநாளைக்குப் பிள்ளைகள் கூடினால் சத்தம் கூட்டச் சொல்வார்கள். அதற்கு அது தாங்காது.

ஆழமான பேஸுக்கென்று தனிப்பெட்டியாக வரும் சப்-வூஃபர் சேர்க்கவில்லையா என்று கேட்பவர்களுக்கு: மரச்சட்டம் வைத்த பழைய மச்சு வீட்டில், நீளமான கூடத்தில் என்றால் சேர்த்திருப்பேன். இந்த அறையில் சேர்த்தால் 40 ஹெர்ட்ஸ் ஊதலை நானே காசு கொடுத்து வாங்கின கணக்கு.