கதிர்காமம் நடக்கிறவங்க திருகோணமலையில சாமான் வாங்கக்குள்ள கவனம், கட்டி வச்ச பார்சல் வாங்காதீங்க

என்ட ஊரைப் பற்றி நானே இப்பிடி எழுத வேண்டி வந்துட்டே எண்டு ஒரு கிழமையா யோசிச்சு யோசிச்சு விட்டுட்டு இருந்தன். நேற்று தம்பி சொன்னான் இன்னும் ரெண்டு கூட்டம் வேலோட குச்சவெளி தாண்டி வருகுதாம் எண்டு, அதுக்குப் பிறகு பேசாம இருக்க மனம் கேக்கல்ல.

இந்த முறை வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடியத்தான் நான் ஒரு பாதயாத்திரைக் கூட்டத்தோட சேந்தன். அவங்க யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயில்ல இருந்து வேல் எடுத்து நடந்து வாறவங்க, என்னோட சேத்து 14 பேர், பாதிப்பேர் அறுபது தாண்டினவங்க. எனக்கு வெருகல் வரைக்கும்தான் லீவு. புல்மோட்டை, குச்சவெளி, நிலாவெளி எண்டு விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டா ஒன்பது மணிக்குள்ள ஒரு கோயில் நிழலைப் பிடிச்சிடுவம், பிறகு பொழுது சாயத்தான் நடை, கச்சான் எண்ட வெக்கைக் காத்து அடிக்கிற காலம், பகல்ல தார் ரோட்டில வெறுங்கால் வைக்க ஏலாது. சல்லி முத்துமாரியம்மன் கோயில்ல ஒரு இரவு கிடந்து அடுத்த நாள் டவுனுக்கு வந்தம். இங்க ரெண்டு நாள் ஓய்வு எண்டு முதலே பேசினதுதான், கோணேஸ்வரத்துக்கு ஏறிக் கும்பிடுறது, கொப்பளத்துக்கு மருந்து கட்டுறது, உடுப்புத் தோய்க்கிறது, அங்கால நடக்கிறதுக்குச் சாமான் வாங்குறது.

தங்கினது கோயில் மடத்தில, அங்க ஒரு குறையும் சொல்ல ஏலாது, ஆரெண்டே தெரியாத வீடுகள்ல இருந்து கூட எங்களுக்குச் சோறும் மோரும் வந்திச்சு. ஒரு ஆச்சிக்கு மட்டும் ரெண்டு பாதமும் வெடிச்சுப் போச்சு, நிலத்தில படுக்க ஏலாது எண்டு அவவுக்கும் மகளுக்கும் வெளிய ஒரு ரூம் எடுத்துக் குடுத்தம். ராவைக்கு 3,000 எண்டு சொல்லித்தான் ரூம்காரன் குடுத்தான். ரெண்டாம் நாள் போக நேரம் 9,500 கேக்கிறான், என்னெண்டா ஏசி போட்டதாம், தண்ணி கூடப் பாவிச்சதாம். ஆச்சி ஏசி சுவிச் எங்க இருக்கு எண்டே காணல்ல. முதல் நாளே அடையாள அட்டையை வாங்கி மேசைக்குள்ள வச்சிட்டான், உகந்தையில கதிர்காமத்துக்குக் காட்டுக்குள்ள இறங்க முதல் பதியிறதுக்கு அது இல்லாம ஏலாது, அதனால கேட்ட காசைக் குடுத்துட்டு அட்டையை வாங்கிக்கொண்டு வந்தம். அடையாள அட்டையைக் காட்டுங்க, நம்பரை எழுத விடுங்க, கையில இருந்து குடுத்துட்டு வராதீங்க.

ஆனா நான் எழுத வந்தது கடைக்காரன்ட கதை. அந்தக் கடைக்கு எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனது நான். சின்ன வயசில இருந்து அந்தப் பக்கம் போய் வாறனான், இப்ப கடை கை மாறினது எனக்குத் தெரியாது. மூதூரிலயும் தோப்பூரிலயும் கடை இல்லாம இல்ல, ஆனா டவுன்ல விலை குறைவு, என்ட ஊர், எனக்குத் தெரிஞ்ச இடம் எண்டு நான்தான் சொன்னன். உள்ளுக்குப் போனவுடனே அவர் கையெடுத்துக் கும்பிட்டு அரோகரா எண்டு சொல்லி, "தங்கச்சி, சாமிமாருக்கு எண்டே தனியாக் கட்டி வச்சிருக்கன், நீங்க ஒண்டொண்டா நிறுத்து மினக்கெட வேணாம்" எண்டார். ரெண்டு கிலோ அரிசி, அரைக் கிலோ பருப்பு, அரைக் கிலோ சீனி, தேயிலை, ஒரு பால்மா, ரெண்டு பிஸ்கட், நாலு ஜீவனி பக்கெட் (உடம்பில தண்ணி குறைஞ்சா கரைச்சுக் குடிக்கிற உப்பு மா), எல்லாம் கறுப்புப் பையில போட்டு வாய் ஒட்டி இருந்திச்சு. ஒண்டு 2,600 ரூவா, 14 பேருக்கும் 36,400. பில் கேட்டன், ஒரு கடதாசித் துண்டில மொத்தத்தை மட்டும் எழுதித் தந்தார், கடைப் பேரும் இல்ல திகதியும் இல்ல. கோயிலுக்குப் போற சாமான் எண்டு நானும் விட்டுட்டன்.

கிண்ணியாப் பாலத்தால நடந்தம். அந்தப் பாலம் 2009இலதான் திறந்தது, அதுக்கு முதல் பாதை எண்டு சொல்லுற மிதவையிலதான் ஆக்கள் கடக்கிறது, ஆச்சி தான் குமரா இருக்கக்குள்ள அந்தப் பாதையில வேலோட நிண்டதைச் சொல்லிக்கொண்டு வந்தா. மூதூர், தோப்பூர் தாண்டி ஈச்சிலம்பற்றுக்குக் கிட்ட அவவுக்குத் தலை சுத்தி அப்பிடியே ரோட்டோரம் இருந்துட்டா, வேர்வை நிண்டு போச்சு, கதையும் குழறுது. உடன ஜீவனியைக் கரைச்சுக் குடுப்பம் எண்டு பக்கெட்டை வெட்டினா உள்ள மா இல்ல, மஞ்சள் பிடிச்ச கட்டி, உடைக்கவே ஏலாது. மற்றதையும் பாத்தா திகதிக்கு மேல ஒரு வெள்ளை ஸ்டிக்கர், நகத்தால சுரண்டினா அடியில முடிஞ்சு போய் அஞ்சு மாசம். நாலுமே அப்பிடித்தான், எல்லார்ட பையிலயும் அப்பிடித்தான். நல்லகாலம் பக்கத்து வீட்டுக்காரங்க ஓடி வந்து ஆச்சியை நிழல்ல படுக்க வச்சு, ஈரச்சீலையால துடைச்சு, ஒரு ஆட்டோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் சேலைன் ஏத்தினம். ஒரு ராத்திரி வச்சிருந்து விட்டாங்க. அந்த ராத்திரி முழுக்க அவட மகள் என்னட்ட ஒரு வார்த்தை குறை சொல்லல்ல, அதுதான் எனக்கு இன்னும் தாங்க முடியல்ல.

வெருகல்ல ஒரு சின்னக் கடைக்காரர்ட தராசில எல்லாத்தையும் பிரிச்சு நிறுத்துப் பாத்தம். ரெண்டு கிலோ எண்ட அரிசி 1 கிலோ 650, அரைக் கிலோப் பருப்பு 380 கிராம், சீனி 400. பிஸ்கட் திகதி சரி, பால்மாவும் சரி, கையால அள்ளிக் கட்டுற சாமான்லதான் வெட்டி இருக்கார். அந்த மனுசன் தராசுக்குக் காசும் வாங்காம, புது ஜீவனி பத்துப் பக்கெட் மட்டையில அடிச்ச விலைக்கே தந்தார். வெருகல் சித்திரவேலாயுதர் கோயில்ல கும்பிட்டுட்டு அவங்க மட்டக்களப்புக்கு நடக்க, நான் பஸ் ஏறித் திரும்பி வந்தன்.

வந்த கையோட கடைக்குப் போனன். "எங்கட சாமான் இல்ல, பில் இருக்கா" எண்டு கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977க்கு அடிச்சுச் சொன்னன், முறைப்பாட்டை எடுத்தாங்க, பில்லும் பிரிக்காத பார்சல் ஒண்டும் இருந்தா நல்லம் எண்டாங்க, எங்களிட்ட ரெண்டுமே இல்ல. கேட்டா பற்றுச்சீட்டு குடுக்கத்தான் வேணும், மட்டையில அடிச்ச விலைக்கு மேல விக்கேலாது, திகதி முடிஞ்சதை விக்கேலாது, இதெல்லாம் அந்தச் சபைட 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குக் கீழ இருக்கு, நாங்க கேக்கிறதில்ல, அவ்வளவுதான்.

அதனால கட்டி வச்சதை வாங்காதீங்க, கண்ணுக்கு முன்னால நிறுக்கச் சொல்லுங்க, ஸ்டிக்கர் ஒட்டின திகதியைச் சுரண்டிப் பாருங்க, கடைப் பேர், திகதி, ஒவ்வொரு சாமான்ட விலை எழுதின பில்லோட மட்டும் காசைக் குடுங்க. ஜீவனியைக் குலுக்கிப் பாத்தா மா ஓடுற சத்தம் கேக்கணும். அதை முழுப் பக்கெட்டா ஒரு லீட்டர் கொதிச்சு ஆறின தண்ணியில கரைக்கிறது, ஒரு நாள் தாண்டினா ஊத்திடுங்க. இங்க ஏமாந்தா வழியில வேற கடை இருக்கு, பாணமை தாண்டினா உகந்தையில இருந்து கதிர்காமம் வரைக்கும் குமணை, யால காடுதான், அஞ்சாறு நாளைக்குப் பையில உள்ளது மட்டும்தான். பொத்துவில்ல, பாணமையில வாங்கக்குள்ளயும் இதே மாதிரிப் பாருங்க.

இப்ப வாற ரெண்டு கூட்டத்தில ஆருக்காவது தெரிஞ்சவங்க இருந்தா சொல்லி விடுங்க. கொழுவித் தூக்கிற சின்னத் தராசு ஒண்டு வாங்கி வச்சிருக்கன், டவுனுக்கு வந்தவுடனே எனக்கு அறிவிச்சா சாமான் வாங்க நான் கூட வாறன்.