கழுத்துப் பிடிப்புக்கும் டென்ஷன் தலைவலிக்கும் அக்குபங்சர்: கொடுக்கிற காசுக்கு என்ன கிடைக்கும்?

பிடரியில் தொடங்கித் தலையைச் சுற்றிக் கயிறு கட்டினாற்போல இறுக்கும் தலைவலி. சாயங்காலம் ஆனால் தொடவிடாத தோள்பட்டை. ஸ்கேன் எடுத்தால் ஒன்றும் தெரியாது, மாத்திரை போட்டால் அன்றைக்கு மட்டும் கேட்கும். அக்குபங்சர் பக்கம் போகலாமா என்று யோசிப்பவர்களில் பலர் இந்த ரகம்தான். இந்த மதிப்புரை அவர்களுக்கு. எந்த ஒரு கிளினிக்கையும் பற்றியதல்ல, அந்த மேஜைமேல் படுத்தால் நடப்பது என்ன, நடக்கவேண்டியது என்ன என்பதைப் பற்றியது.

மதிப்பெண்ணை முதலிலேயே போட்டுவிடலாம். நாள்பட்ட டென்ஷன் தலைவலிக்கு 5க்கு மூன்றரை. கழுத்து, தோள் வலிக்கு 3. உடம்பில் வலி எதுவும் இல்லாமல் மன அழுத்தத்துக்கு மட்டும் என்றால் 2. வாசல் பலகையில் இன்னும் முப்பது நோய்ப் பெயர் எழுதியிருப்பார்கள். அவற்றுக்கு இங்கே மதிப்பெண் கிடையாது.

மூன்றரை எங்கிருந்து வந்தது? டென்ஷன் தலைவலிக்கான அக்குபங்சர் ஆய்வுகளை 2016இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கோக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. 12 ஆய்வுகள், 2,349 பேர். ஊசி போட்டுக்கொண்டவர்களில் 100க்கு 48 பேருக்குத் தலைவலி நாட்கள் பாதிக்குப் பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்தன. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 17 பேருக்கு. இதுவரை நல்ல சேதி. ஆனால் போலி ஊசியோடு (ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பேருக்குப் போடுவது) ஒப்பிட்ட ஆய்வுகளில் நிஜ ஊசிக்கு 52, போலிக்கு 43. இடைவெளி இருக்கிறது, சின்னதாக. 2007இல் ஜெர்மனியில் 1,162 இடுப்புவலிக்காரர்களிடம் நடந்த ஆய்வு இன்னும் சங்கடமானது: முறைப்படி குத்தியதில் 47.6 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது, அக்குபங்சர் புள்ளி அல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தியதில் 44.2, வழக்கமான சிகிச்சையில் 27.4.

அதாவது படுக்கவைத்து, கவனித்து, ஊசி ஏற்றி, அரைமணி நேரம் அசையாமல் விடுவது வேலை செய்கிறது. அந்த ஊசி மில்லிமீட்டர் பிசகாமல் அந்தப் புள்ளியில்தான் இறங்கியதா என்பது அவ்வளவாகக் கணக்கில் வரவில்லை. காசு கொடுப்பவருக்கு இதில் பயன் உண்டு. 'என் புள்ளி வேறு யாருக்கும் தெரியாது' என்று மூன்று மடங்கு கேட்பவரை விட்டுவிட்டு, சுத்தமாக, அவசரப்படாமல் குத்துகிறவரைத் தேடலாம். (இதே மாதிரி எண்களை வைத்துக்கொண்டு பிரிட்டனில் சிகிச்சைப் பரிந்துரைகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016இல் இடுப்புவலிக்கு அக்குபங்சர் வேண்டாம் என்றது, அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் 2020இல் நாள்பட்ட இடுப்புவலிக்கு 90 நாளில் 12 முறை வரை காசு தருகிறேன் என்றது. தலைவலிக்கு நைஸ் இறங்கிவருகிறது: 5 முதல் 8 வாரத்துக்குள் 10 முறை வரை பார்க்கலாம் என்பது அதன் 2012 பரிந்துரை.)

இனி மேஜைக்கு வருவோம். முதலில் பார்க்கவேண்டியது சிகிச்சையாளரின் சான்றிதழை அல்ல, ஊசி உறையை. ஒரு பக்கம் காகிதம், மறுபக்கம் பிளாஸ்டிக். எத்திலீன் ஆக்சைடு வாயுவால் கிருமிநீக்கம் செய்தது என்ற குறியும் காலாவதி மாதமும் அளவும் அதில் அச்சாகியிருக்கும். 0.25 × 25 என்றால் கால் மில்லிமீட்டர் தடிமன், 25 மில்லிமீட்டர் நீளம். தடுப்பூசிக்கு எடுக்கும் 26 கேஜ் ஊசியின் தடிமன் 0.46 மி.மீ.; மருந்து போகத் துளையும் உண்டு. இது துளையில்லாத, தலைமுடி ஜாதி எஃகுக் கம்பி. அதனால்தான் ஊசிக்குப் பயப்படுகிறவர்களும் தாங்கிக்கொள்கிறார்கள்.

உறையை உங்கள் கண்முன் கிழிக்கவேண்டும். உள்ளே ஊசியோடு ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய் இருக்கும். குழாய் ஊசியைவிடக் கொஞ்சம் குட்டை. தோலில் நிறுத்தினால் ஊசியின் கைப்பிடி மட்டும் நாலைந்து மில்லிமீட்டர் மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். ஆள்காட்டி விரலால் ஒரு தட்டு. தோல் தாண்டியாயிற்று, வலி அவ்வளவுதான். குழாயை உருவிவிட்டு, கைப்பிடியை மட்டும் பிடித்து மெல்ல உள்ளே இறக்குவார்கள். கம்பிப் பகுதியில் விரல் படக்கூடாது. எடுத்த ஊசி தடித்த பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போகவேண்டும்; கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றி ஊறப்போட்டிருந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். 1984இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரே அக்குபங்சர் கூடத்தில் 35 பேருக்கு ஹெபடைட்டிஸ் பி தொற்றியது பதிவாகியிருக்கிறது. 100 ஊசி கொண்ட பெட்டி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஒருவருக்கு ஒரு வேளைக்கு 8 முதல் 12 போதும். இதில் மிச்சம் பிடிக்கிறவர் வேறு எதில் பிடிக்கமாட்டார்?

டென்ஷன் தலைவலிக்கு எங்கே குத்துவார்கள் என்பதில் பெரிய ரகசியம் இல்லை. மண்டையோட்டின் அடியில், பிடரித் தசைக்கும் காதுக்குப் பின்னாலிருந்து இறங்கும் தசைக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது, இரண்டு பக்கமும். ஃபெங்ச்சி என்பது அதன் சீனப் பெயர், ஜிபி 20 என்பது புள்ளிப் பட்டியலில் அதன் எண். அழுத்தினாலே கண்ணுக்குப் பின்னால் இழுக்கும். இங்கே ஊசியின் முனை மூக்கு நுனியைப் பார்த்துப் போகவேண்டும். மேல்நோக்கி ஆழமாகப் போனால் உள்ளே இருப்பது மூளையின் அடிப்பகுதியான முகுளம். அடுத்தது உச்சந்தலை, புருவ மத்தி, நெற்றிப்பொட்டு. கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவில் ஹெகு, காலில் பெருவிரலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் தாய்ச்சோங். சரியாக இறங்கியிருந்தால் சுருக்கென்ற குத்தல் போய், ஒரு கனம், மந்தமான குடைச்சல், லேசான மரமரப்பு வரும். மின்சாரம் பாய்ந்ததுபோலச் சுரீரென்று விரல் நுனிவரை ஓடினால் அது நரம்பு. உடனே சொல்லுங்கள், ஊசியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுக்கவேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தால் கூடுதல் பலன் என்பதெல்லாம் கிடையாது.

தோள்பட்டைக்குத் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தச் சிகிச்சையில் உயிருக்கு ஆபத்தான இடங்களில் முக்கியமானது அது. கழுத்தின் பின்னால் துருத்தும் எலும்புக்கும் தோள் முனைக்கும் சரிபாதியில் ஜியான்ஜிங், ஜிபி 21. எல்லோருக்கும் முடிச்சு விழுகிற இடம், எல்லோரும் 'இங்கே, இங்கே' என்று காட்டுகிற இடம். அதற்கு நேர் கீழே நுரையீரலின் உச்சி. புத்தகம் சொல்லும் ஆழம் அரை சுன் முதல் 0.8 சுன் வரை; ஒரு சுன் என்பது அவரவர் கட்டைவிரல் மூட்டின் அகலம், ஆக ஒல்லியானவருக்கு அது இன்னும் குறைவு. தெரிந்தவர் என்ன செய்வார் என்றால், அந்தத் தசையைக் கட்டைவிரலாலும் மற்ற விரல்களாலும் கவ்வித் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தூக்கிய சதைக்குள்ளேயே முன்பின்னாகச் சாய்த்து 25 மி.மீ. ஊசியை ஏற்றுவார். 40 மி.மீ. ஊசியை நடுத்தோளில் செங்குத்தாக நிறுத்துபவரிடம் தோளைக் காட்டாதீர்கள். முதுகின் மேல்பகுதிக்கும் இதே எச்சரிக்கைதான். விலா எலும்புகளுக்கு நடுவில் சாய்வாக மட்டுமே போகவேண்டும். சிகிச்சை முடிந்த சில மணி நேரத்தில், சிலருக்கு மறுநாள், மூச்சு இழுக்கும்போது நெஞ்சு குத்தினாலோ படியேறினால் இரைத்தாலோ அக்குபங்சர்காரருக்குப் போன் போட்டுக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், தோளில் ஊசி போட்டதைச் சொல்லி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.

ஊசி நுரையீரலில் பட்டுக் காற்றுக் கசிவது அபூர்வம். ஜெர்மனியில் 2,29,230 பேரைக் கணக்கெடுத்து 2009இல் வெளியான ஆய்வில் நுரையீரல் காற்றுக்கசிவு 2 பேருக்கு. ஏதாவது ஒரு பக்கவிளைவு சொன்னவர்கள் 8.6 சதவீதம், அதில் பெரும்பாலானவை துளி ரத்தமும் கன்றிப்போனதும்தான்.

அடிக்கடி நடக்கிற கோளாறுகள் வேறு. முதல் முறை, வெறும் வயிறு, நாற்காலியில் உட்காரவைத்துக் குத்தல்: இந்த மூன்றும் சேர்ந்தால் மயக்கம். கொட்டாவி, வியர்வை, முகம் வெளுத்தல் என்று முன்கூட்டியே தெரியும். ஊசிகளை எடுத்துவிட்டு, தலையணையை உருவிக் காலைத் தூக்கிவைத்தால் தெளிந்துவிடும். முதல் முறை போகிறவர் இட்லி இரண்டாவது சாப்பிட்டுவிட்டுப் போய், படுத்துக்கொண்டுதான் குத்திக்கொள்ளவேண்டும். ஊசி சிக்கிக்கொள்வது இன்னொன்று. ஒரே பக்கமாகத் திருகினால் சதைநார் சுற்றிக்கொள்ளும், பயத்தில் தசை இறுகினாலும் பிடிக்கும். வெடுக்கென்று இழுக்கக்கூடாது. எதிர்ப்பக்கம் திருகி, சுற்றிலும் தடவி, சில நிமிடம் விட்டால் தானாக விடும். ஊசி இருக்கும்போது போனை எடுக்கத் திரும்பினால் வளையும். முடிக்குள் குத்தியது மறந்துபோய்த் தலையில் ஊசியோடு வீட்டுக்கு வந்தவர்களும் உண்டு. எண்ணிப் போட்டு எண்ணி எடுக்கிறார்களா என்று பாருங்கள்.

ஊசியில் கிளிப் மாட்டி மின்னோட்டம் விடுவது கழுத்து வலிக்கு நல்ல சேர்க்கைதான். நொடிக்கு 2 துடிப்பு என்ற மெதுவான வேகத்தில், தசை கண்ணுக்குத் தெரிய லேசாகத் துள்ளுகிற அளவு போதும். கிளிப் ஜோடி ஒரே பக்கத்தில் இருக்கவேண்டும், நெஞ்சுக்குக் குறுக்கே போகக்கூடாது. மாட்டுவதற்கு முன் எல்லாக் குமிழும் பூஜ்ஜியத்தில் நிற்கிறதா என்று பார்க்காமல் சுவிட்சைப் போட்டால் உதறிவிடும். பேஸ்மேக்கர் வைத்தவருக்கு இது கூடவே கூடாது.

தமிழ்நாட்டில் அக்குபங்சர் என்று கேட்டால் பாதி இடங்களில் ஊசியே இருக்காது. நாடி பார்த்து, ஒரே புள்ளியை விரலால் தொட்டு அனுப்பிவிடுவார்கள். கட்டணம் குறைவு, தொற்றுப் பயமும் இல்லை. ஆனால் மேலே சொன்ன எண்கள் எதுவும் இந்த முறைக்குச் சேராது; சொல்லப்போனால் ஊசியைத் தோலில் ஏற்றாமல் தொட்டுக் காட்டுவதைப் பல ஆய்வுகள் 'போலி'ப் பக்கத்தில்தான் வைத்தன. அந்தப் போலியும் ஓரளவு கேட்டது என்பதால் இதைச் சுத்தமாகத் தள்ளிவிடவும் முடியவில்லை. தகராறு தொடுவதில் இல்லை, பேச்சில். சர்க்கரை மாத்திரையை நிறுத்து, பிரஷர் மாத்திரை விஷம், இன்சுலின் வேண்டாம் என்று ஆரம்பித்தால் அங்கே உட்கார வேலையில்லை.

யாரிடம் போவது? மத்திய சுகாதார அமைச்சகம் 2003இல் அக்குபங்சரை ஒரு சிகிச்சை முறையாக ஏற்றது, 2019இல் தனி முறையாகவே அங்கீகரித்தது. அங்கீகாரம் முறைக்குத்தானே தவிர, பலகை மாட்டிய எல்லோருக்கும் அல்ல. பி.என்.ஒய்.எஸ். என்ற ஐந்தரை ஆண்டு இயற்கை மருத்துவப் பட்டம் பெற்றவர்களும், ஊசியும் கற்ற பிசியோதெரபிஸ்ட்களும் உடற்கூறு படித்தவர்கள். சென்னையில் அரும்பாக்கம் அரசு யோகா இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தனியாருக்கு முன் அங்கே விசாரிக்கலாம். மற்றவர்களிடம் ஒரே கேள்வி: 'தோளில் எவ்வளவு ஆழம் குத்துவீர்கள், ஏன்?' முகத்திலேயே பதில் தெரிந்துவிடும்.

தனியாரிடம் ஒரு வேளைக்குச் சில நூறில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டியும் கேட்கிறார்கள். 20 வேளைக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பதை ஏற்காதீர்கள். வாரம் இரண்டு என்று ஆறு வேளை, அதற்குப் பிறகு கணக்குப் பார்ப்பது. கணக்கு என்றால் மனசுக்குத் தோன்றுவது அல்ல. தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே காலண்டரில் தலைவலி வந்த நாளைச் சுழித்து, போட்ட மாத்திரையை எழுதிவையுங்கள். ஆறு வேளைக்குப் பிறகும் நாட்கள் குறையவில்லை என்றால் பத்தாவது வேளையில் அற்புதம் நடக்காது. குறைந்தால் பத்து வரை போய், பிறகு இடைவெளியை நீட்டலாம். அந்தக் காலண்டர் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும்: மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ பாரசிட்டமால், அல்லது 10 நாளோ அதற்கு மேலோ பல மருந்து சேர்ந்த கலவை வலிமாத்திரை என்று மூன்று மாதத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருந்தால், தலைவலிக்கு அந்த மாத்திரையே காரணமாக இருக்கலாம். அதற்கு ஊசி பதிலல்ல, நரம்பியல் மருத்துவர்தான்.

திடீரென்று இடிபோல் வந்த தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை பலவீனம், அடிபட்ட பிறகு வந்த வலி, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கியது: இவை எதற்கும் முதல் வாசல் அக்குபங்சர் அல்ல. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவரும் கர்ப்பிணிகளும் முன்கூட்டியே சொல்லவேண்டும். கர்ப்பத்தில் ஹெகுவைத் தவிர்ப்பது மரபு.

மன அழுத்தத்துக்குக் கொடுத்த 2, பெரும்பாலும் அந்த அரைமணி நேர ஓய்வுக்கு. காது மடலில் ஐந்து சிறு ஊசி போடும் முறை ஒன்று உண்டு; 1970களில் நியூயார்க்கின் லிங்கன் ஆஸ்பத்திரியில் போதைமீட்புக்காக வளர்ந்தது. உட்கார்ந்தபடியே போட்டுக்கொள்ளலாம், சட்டை கழற்றவேண்டாம், சிலருக்கு அங்கேயே தூக்கம் வரும். நாலைந்து நாள் தூக்கம் சரியில்லாதவர் ஒருமுறை பார்க்கலாம், மாதக்கணக்கில் கட்டணம் கட்ட ஆதாரம் போதாது.

ஆன்லைனில் விற்கும் 'அக்குபங்சர் பேனா' வேண்டாம். கேஸ் லைட்டர் போலச் சுருக்கென்று பொறி அடிக்கும், அவ்வளவுதான். காதில் ஒட்டும் கடுகளவு விதைப் பட்டை பரவாயில்லை, விலையும் மலிவு. தினம் நாலைந்து முறை லேசாக அழுத்திவிட்டு, மூன்றாம் நாள் பிரித்து எறிந்துவிடவேண்டும். நம் ஊர் வியர்வையில் அதற்கு மேல் விட்டால் பட்டைக்கடியில் தோல் ஊறிப் புண்ணாகும். சர்க்கரை உள்ளவர்கள் அதையும் தவிர்ப்பது நல்லது, காது குருத்தெலும்பில் சீழ் பிடித்தால் ஆறுவது கஷ்டம்.