கிம்மிக்!: பல காலம் ஆடியபின் சொல்லத் தோன்றுவது

மதுரைப் பக்கம் டிவி கேம் என்றதும் மரியோ, கான்ட்ரா, வாத்து சுடுகிற ஆட்டம் என்று அதே சில பெயர்கள்தான் எல்லோர் வாயிலும் வரும். சித்திரைத் திருவிழா விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த செட்டுகளோடு கிடைத்த கேசட்டுகளில் இருந்ததும் அவைதான். அதே 60 பின் கேசட் செருகும் செட்டில் ஓடக்கூடிய, ஆனால் நம் ஊரில் அதிகம் பேர் கேள்விப்படாத ஆட்டம் 'கிம்மிக்!'. சன்சாஃப்ட் நிறுவனம் 1992 ஜனவரி 31 அன்று ஜப்பானில் நிண்டெண்டோவின் ஃபேமிகாம் செட்டுக்கு இதை வெளியிட்டது. 1990 நவம்பரிலேயே அதற்கு அடுத்த செட்டான 16 பிட் சூப்பர் ஃபேமிகாம் வந்துவிட்டதால் கவனம் முழுக்க 16 பிட் பக்கம் போயிருந்த நேரம் அது. 1993இல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் 'மிஸ்டர் கிம்மிக்' என்ற பெயரில் வந்தது. அந்தக் காலத்தில் அத்தோடு சரி.

இயக்கியவர் டோமோமி சகாய், இசை மசாஷி ககேயாமா. பிறந்தநாள் பரிசுப் பொம்மைகளுக்கு நடுவே தவறிப்போய் ஒரு சிறுமியிடம் வந்து சேர்கிற பச்சை உருண்டை யுமேடாரோதான் நாயகன். மற்ற பொம்மைகள் பொறாமைப்பட்டுச் சிறுமியைத் தூக்கிக்கொண்டு போக, யுமேடாரோ தேடிப் போகிறான். பார்த்தால் பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்கான ஆட்டம் போலிருக்கும். ஃபேமிகாமின் கடினமான ஆட்டங்களில் ஒன்று என்ற பெயர்தான் இதற்கு நிலைத்திருக்கிறது. அந்தப் பெயர் நியாயமானது. ஆனால் இதைக் கடினமாக்குவது எதிரிகள் என்று நினைத்து ஆடுகிறவர்கள் கடைசிவரை திணறுவார்கள். இங்கே எல்லாம் உந்துவிசைக் கணக்கு. அது பிடிபட்டால் பாதி ஆட்டம் கைக்குள் வந்துவிடும்.

யுமேடாரோ சட்டென்று நிற்க மாட்டான். சரிவில் இறங்கும்போது வேகம் ஏறும், ஏறும்போது குறையும். சும்மா நின்றாலும் சரிவு அவனைக் கீழே இழுக்கும். சரிவின் அடிவாரத்தில் குதிப்பதும் நடுவில் குதிப்பதும் ஒரே தூரத்தைத் தராது. பள்ளத்துக்கு முன்னால் சரிவு வந்தால் அது தற்செயலாக வைத்ததல்ல, அந்த வேகத்தை எடுத்துக்கொண்டு தாண்டச் சொல்கிறார்கள். தயங்கித் தயங்கிப் போகிறவர்கள்தான் இந்த இடங்களில் அதிகம் விழுகிறார்கள்.

எதிரியின் தலையில் குதித்தால் எதிரி சாவதில்லை. அவன் தலையில் ஏறி நிற்கலாம், அவன் போகிற பக்கம் சவாரி போகலாம், அங்கிருந்து குதிக்கலாம். மரியோவில் பழகிய கைக்கு இதுதான் முதல் அடி. இங்கே வரும் கறுப்புக் குட்டி எதிரிகள் இங்குமங்கும் ஒரே கோட்டில் நடந்துகொண்டிருக்கவும் மாட்டார்கள். நம்மைப் பார்த்துத் துரத்துவார்கள், குதித்து வருவார்கள். அதனால் 'இந்த இடத்தில் இந்த நேரத்தில் இவன் இருப்பான்' என்று மனப்பாடம் செய்து ஆடுவது இங்கே எடுபடாது.

இருக்கிற ஒரே சொந்த ஆயுதம் நட்சத்திரம். பி பொத்தானை அழுத்திப் பிடித்தால் தலைக்கு மேல் அது உருவாகும். முழுதாகத் திரண்டபின் விட்டால் பறக்கும். அதற்குமுன் விட்டால் கலைந்துவிடும். திரண்டபின் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பிடித்துக்கொண்டே நடக்கலாம், குதிக்கலாம். எறிந்த நட்சத்திரம் நேர்கோட்டில் போகாது. வளைந்து இறங்கி, தரையில் துள்ளி, சுவரில் மோதித் திரும்பி, சரிவில் உருண்டு, சிறிது நேரத்தில் மறையும். பம்பரத்துக்கு எல்லாம் சாட்டை விடுபடும் அந்த நொடியில் முடிவாகிவிடுவதுபோல, இதிலும் விடும் நொடியில் எங்கே நிற்கிறோம், எந்த உயரத்தில் இருக்கிறோம், ஓடுகிறோமா நிற்கிறோமா என்பதிலேயே அதன் பாதை முழுக்க முடிவாகிவிடும்.

திரையில் ஒரு நேரத்தில் ஒரே நட்சத்திரம்தான். குறி தவறினால் அது மறைந்து அடுத்தது திரளும்வரை நாம் வெறுங்கை. அந்த இடைவெளியில்தான் உயிர் போகிறது. ஆகவே புதியவர்களுக்கு முதல் பழக்கம்: எறிவதற்கு ஆள் தெரிந்தபின் பி-யை அழுத்தாதீர்கள். எதிரி இல்லாத இடத்திலேயே திரட்டி வைத்துக்கொண்டு நடங்கள். வலது கட்டை விரலின் நுனி பி-யில் அழுந்தியே இருக்க, அதே விரலின் கணுப் பக்கத்தைச் சாய்த்து ஏ-யில் குதிக்க வேண்டும். விரல் நுனியால் இரண்டு பொத்தானுக்கும் மாறி மாறித் தாவுகிற கை இந்த ஆட்டத்துக்கு உதவாது.

இரண்டாவது, இதன் உயிர்நாடியான வித்தை: நட்சத்திரத்தின் மேலேயே ஏறலாம். எதிரில் சுவர் இருக்கும் இடத்தில், சுவரை ஒட்டி நிற்காமல் கொஞ்சம் தள்ளி நின்று எறியுங்கள். மோதித் துள்ளித் திரும்பி வரும். நம்மை நெருங்கும்போது குதித்து அதன்மேல் இறங்கினால், நம்மைத் தாங்கிக்கொண்டே துள்ளிப் போகும். துள்ளலின் உச்சியில் இருந்து இன்னொரு முறை குதித்தால், வெறும் குதிப்பில் எட்டாத மேடை எட்டும். பழகும்போது நடக்கும் தவறு பெரும்பாலும் ஒன்றே: அவசரப்பட்டு முன்கூட்டியே குதித்து, நட்சத்திரம் வருவதற்குள் தரையில் இறங்கிவிடுவது. அதைப் பார்த்துக் குதிக்காமல், அது தரையைத் தொடும் தாளத்தைக் கவனித்துக் குதித்தால் சீக்கிரம் பிடிபடும். முதல் கட்டத்திலேயே, ஆபத்தில்லாத ஒரு சுவரைப் பார்த்து இதை மட்டும் பழகுவது வீண் நேரமல்ல. ஒளித்து வைத்த பல இடங்களுக்கு இந்தச் சவாரிதான் வழி.

கட்டங்கள் ஆறு. ஒவ்வொன்றிலும் ஒரு புதையல் ஒளிந்திருக்கும். ஆறையும் எடுத்தால்தான் ஏழாவது, மறைவான கடைசிக் கட்டம் திறக்கும். இல்லாவிட்டால் கதை குறையோடு முடிந்துவிடும். நடுவில் உயிரெல்லாம் போய் 'கன்டினியூ' கொடுத்தால் சேர்த்த புதையல்கள் போய்விடும். ஆக, உண்மையான முடிவைப் பார்க்க ஒரே மூச்சில் ஆட வேண்டும். கடுமையான விதிதான், ஆனால் அநியாயமில்லை. வழி தெரிந்தவருக்கு முழு ஆட்டமும் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும், அதனால் முதலிலிருந்து தொடங்குவது பெரிய இழப்பாகத் தெரிவதில்லை. முதல் சுற்றுகளில் புதையலை மறந்துவிட்டு ஆறு கட்டங்களின் நிலப்பரப்பையும் கன்டினியூ போட்டே பார்த்துவிடுங்கள். அதன்பின் ஒரு கட்டத்துக்கு ஒரு புதையல் என்று வழியைத் தனித்தனியே பழகுங்கள். இரண்டையும் சேர்த்து முதல் நாளே முயன்றவர்கள்தான் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

இனி நம் ஊர் செட்டுக்கு வருவோம். இங்கே விற்றவை பெரும்பாலும் பால் (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறைக்கான, ஃபேமிகாமின் நகல் செட்டுகள். நொடிக்கு 50 படம். கிம்மிக் எழுதப்பட்டது நொடிக்கு 60 படத்துக்கு. அதனால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். இந்த செட்டுகளில் திரையில் ஒரு கோடு வரையும் நேரத்துக்கான சிபியு (மையச் செயலி) கணக்கு ஜப்பான் செட்டோடு ஒத்துப்போவதால் திரையின் அடியிலுள்ள மதிப்பெண் பட்டை பிசகாது. ஐரோப்பாவின் அசல் பால் செட்டில் இந்தப் பொருத்தம் கிடையாது. குதிப்பின் வளைவும் மாறாது, ஏனென்றால் நகர்வு படத்துக்குப் படம் கணக்கிடப்படுகிறது. மாறுவது நம் கைக்குக் கிடைக்கும் நேரம் மட்டும். 50இல் கற்ற வழிகள் 60இலும் செல்லும்; விரல்களின் தாளம் செல்லாது. பாதை கற்க 50 போதும், நல்லதும்கூட. ஆனால் கடைசிவரை அதிலேயே ஆடினால் இந்த ஆட்டத்தின் துடிப்பு கிடைக்காது. உங்கள் செட் எது என்று தெரியாவிட்டால் எல்சிடி டிவியில் இணைத்து 'இன்ஃபோ' பொத்தானை அழுத்துங்கள். பல டிவிகள் பால் அல்லது என்டிஎஸ்சி (ஜப்பானின் 60 படம் முறை) என்று காட்டிவிடும்.

இசையில்தான் பெரிய இழப்பு. இந்தக் கேசட்டுக்குள் சன்சாஃப்ட் 5பி என்ற சிப் இருக்கிறது. ஃபேமிகாமின் சொந்த ஐந்து குரல்களோடு (ஒரே நேரத்தில் ஒலிக்கும் தனித்தனி ஒலிகளோடு) மேலும் மூன்று குரல்களை அது சேர்க்கிறது. அந்த ஒலிப் பகுதியைப் பயன்படுத்திய ஒரே ஆட்டம் இதுதான். ககேயாமாவின் இசையில் அடிநாதமும் துணை மெட்டும் தனித்தனியாக நடந்துபோவது அந்த எட்டுக் குரல்களால்தான். நகல் செட்டில் தாளம் ஆறில் ஒரு பங்கு இழுபடும். சுருதி மட்டும் ஒரு சதவீதம்கூட இறங்காது, ஏனென்றால் சிபியு கடிகாரம் 1.79க்குப் பதில் 1.77 மெகாஹெர்ட்ஸ்தான்.

அதைவிட மோசம், அந்த மூன்று குரல்கள் அடியோடு காணாமல் போவது. ஃபேமிகாமில் ஒலி 45ஆம் பின் வழியாகக் கேசட்டுக்குள் போய், அங்கே கலந்து, 46ஆம் பின் வழியாகத் திரும்புகிறது. சாதாரணக் கேசட்டில் இந்த இரண்டையும் ஒரு தடம் இணைத்திருக்கும், அவ்வளவே. பல நகல் செட்டுகளில் செலவைக் குறைக்க ஒலியைக் கேசட்டுக்கு அனுப்பாமலே நேராக வெளியே எடுத்திருப்பார்கள். மற்ற ஆட்டங்களில் வித்தியாசமே தெரியாது. கிம்மிக் போட்டால்தான் குட்டு வெளிப்படும். போர்டைத் திறந்து பார்க்க வேண்டுமானால், 31 முதல் 60 வரையுள்ள வரிசையின் நட்ட நடுவில் இருக்கும் இரண்டும்தான் இந்தப் பின்கள். நடுவில் கிரவுண்ட் வரும் வரிசை அதுவல்ல, எதிர் வரிசை. சிபியுவின் ஒலித் தடத்தை ஓரிடத்தில் வெட்டி, சிபியு பக்கத்தை 45க்கும் பெருக்கிப் பக்கத்தை 46க்கும் ஒயரால் இழுத்தால் சரியாகும். ஆனால் அதன்பின், அந்த இணைப்புத் தடமே இல்லாத மலிவுக் கேசட்டுகள் ஊமையாகிவிடும். அதற்கு ஒரு சின்ன சுவிட்ச் வைத்து 45ஐயும் 46ஐயும் தேவைப்படும்போது இணைத்துக்கொள்ளலாம். ஸ்காண்டிநேவியப் பதிப்பிலேயே இந்தக் கூடுதல் ஒலி கிடையாது, அதைத் தேடிப் பிடித்துப் பயனில்லை. 5பி இல்லாமல் செய்த மறுபதிப்புக் கேசட்டிலும் இதே குறை. மெமரி கார்டிலிருந்து ஆட்டங்களை ஓட்டும் கேசட்டான எவர்டிரைவ் என்8 புரோவின் ஃபேமிகாம் வகை இந்தக் குரல்களைத் தானே உருவாக்கித் தரும்.

ஜப்பானிலிருந்து அசல் ஃபேமிகாம் தருவித்தால் ஒரு எச்சரிக்கை: அதன் அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது, நம் 230இல் செருகினால் அங்கேயே கருகும். 10 வோல்ட், 850 மில்லி ஆம்பியர் தரும் வேறு அடாப்டர் வேண்டும், நடுமுனை மைனஸ். பழைய மாடல் ஏன்டெனா ஒயர் வழியாகப் படம் அனுப்பும் ஆர்எஃப் அலைவரிசை நம் டிவிகளில் ஒத்துவராது. 1993இன் ஏவி மாடல் என்றால் ஏவி ஒயர் போதும், ஆனால் பால் மட்டும் தெரிந்த பழைய டிவியில் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரியும்.

பேட் (கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலர்) விஷயத்தை யாரும் சொல்வதில்லை. இந்த ஆட்டத்தில் பி எப்போதும் அழுந்தியே இருப்பதால் அதன் கார்பன் ரப்பர்தான் முதலில் தேயும். அறிகுறி: விரலை எடுக்காமலேயே நட்சத்திரம் பாதியில் கலையும், அல்லது தானாகப் பறந்துவிடும். தொடர்பு ஒரு கணம் விட்டாலும் ஆட்டம் அதை 'விட்டுவிட்டார்' என்றுதான் எடுத்துக்கொள்ளும். பேட்டைத் திறந்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் போர்டின் கறுப்புத் தடங்களையும் ரப்பரையும் துடையுங்கள். உப்புத்தாள் கூடாது, தடமே போய்விடும். துடைத்தும் சரியாகாவிட்டால் மதுரை டவுன் ஹால் ரோடு, மீனாட்சி பஜார் பக்கம் பழைய டிவி ரிமோட் ஒன்று வாங்கி, அதன் ரப்பரிலிருந்து கார்பன் வில்லையை வெட்டி ஒட்டினால் நன்றாக உழைக்கும். நகல் பேட்டில் மேலே இருக்கும் டர்போ பொத்தான்கள் இங்கே அறவே ஆகாது. டர்போ பி அழுத்தி அழுத்தி விடுவதால் நட்சத்திரம் ஒருபோதும் திரளாது.

அசல் ஆட்டத்தில் சேமிக்கும் வசதி இல்லை. மின்சாரம் போய் இன்வெர்ட்டர் மாறும் அந்த ஒரு கணத்தில் பல செட்டுகள் ரீசெட் ஆகிவிடும். ஆறு புதையல் ஓட்டத்துக்கு உட்காரும்போது செட்டைக் கணினிக்கான யுபிஎஸ்ஸில் செருகுவதே நல்லது.

செட்டே வேண்டாம் என்பவர்களுக்கு 2023 ஜூலையில் வந்த 'கிம்மிக்! ஸ்பெஷல் எடிஷன்' ஸ்டீம், ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் கிடைக்கிறது. 60 படம், எட்டுக் குரல், எல்லாம் சரியாக இருக்கிறது. டிவியில் ஆடினால் 'கேம் மோட்' போட்டே ஆக வேண்டும். படம் தாமதமானால் நட்சத்திரச் சவாரி கைகூடாது. பின்னோக்கிச் சுற்றும் வசதியும் உண்டு. அதை உயிர் தப்பிக்கப் பயன்படுத்தினால் சரிவும் நட்சத்திரமும் கடைசிவரை பழகாது. ஒரு புதையலுக்கான எறிதலை மட்டும் எடுத்துக்கொண்டு, அது கைக்கு வரும்வரை அந்த ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றிப் பழகுங்கள். பிறகு பின்சுற்றலைத் தொடாமல் முதல் கட்டத்திலிருந்து தொடங்குங்கள்.