வெப்பேக்கைச் சீராக்குவதா, வீட் கருவிக்கு மாறுவதா?

வலைச்செயலி எழுதும்போது டெவலப்மென்ட் சர்வரைத் தொடங்கிவிட்டு டீ குடித்துத் திரும்பினாலும் சதவீதக் கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா? ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளைத் தொகுக்கும் கருவியாக ஏற்கெனவே இருக்கும் வெப்பேக்கையே முதலில் கவனியுங்கள். 2020-இல் வந்த வெப்பேக் 5, தொகுத்த முடிவுகளை வட்டில் சேமிக்கும் வசதியைத் தந்தது. ஆனால் டெவலப்மென்ட் நிலையில் அது தானாக இயங்காது. எல்லாவற்றையும் நினைவகத்தில் மட்டும் வைத்திருந்து, சர்வர் நின்றதும் மறந்துவிடும். அமைப்புக் கோப்பில் கேஷ் (முடிவுகளைச் சேமித்து வைக்கும் வசதி) வகையை ஃபைல்சிஸ்டம் என மாற்ற வேண்டும். ஓரிரு வரி வேலைதான். பலன் இரண்டாவது தொடக்கத்திலிருந்து தெரியும். அமைப்புக் கோப்பையும் கேஷின் சார்புப் பட்டியலில் (buildDependencies) சேர்த்துவிடுங்கள். இல்லையேல் அதைத் திருத்திய பிறகும் பழைய முடிவே வந்து நின்று தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும்.

வ்யூ என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பை உருவாக்கிய எவான் யூவின் வீட் கருவி, தொகுக்கும் வேலையையே தள்ளிப்போடுகிறது. பிரவுசர் கேட்கும் கோப்பை மட்டும் அப்போதைக்கு மாற்றித் தருவதால் சர்வர் சட்டென்று தயாராகிவிடுகிறது. ஒரு வரியைத் திருத்தினால் அந்தக் கோப்பைச் சுற்றியே வேலை நடக்கும். அதே காரணத்தால், ஏராளமான கோப்புகளை இழுக்கும் பக்கத்தை முதன்முறை திறக்கும்போது ஒவ்வொன்றுக்கும் தனிக் கோரிக்கை போகும். வேகத்தைப் புகழ்பவர்கள் இதை அதிகம் சொல்வதில்லை.

மாற்றத்துக்கும் செலவு உண்டு. பிற கோப்புகளை உள்ளே கொண்டுவரும் ரிக்வயர் அழைப்புகளை இம்போர்ட்டாக்க வேண்டும். சூழல் மாறிகளின் பெயர்கள் மாறும். கோப்புகளை வெப்பேக்குக்கு ஏற்ப மாற்றித் தர சொந்தமாக எழுதிய லோடர்களைப் புதிதாக எழுத வேண்டும்.

புதிய திட்டமென்றால் யோசிக்காமல் வீட். லோடர்கள் குவிந்த பழைய திட்டமென்றால், கேஷை இயக்கிப் பார்க்காமல் இடம் மாறுவது வீண் அலைச்சல்.