டிரம்பெட் வாசித்ததை நான்கு குரல்கள் பாடினால்: 'வோக்கலீஸ்' ஆல்பத்தோடு பல வருடங்கள்

மன்ஹாட்டன் டிரான்ஸ்ஃபர் என்ற அமெரிக்க ஜாஸ் பாடகர் குழுவின் 'வோக்கலீஸ்' ஆல்பம் 1985இல் வெளிவந்தது. பல வருடங்களாக இதை விடாமல் கேட்டு வருகிறேன். சில ஆல்பங்கள் முதல் மாதத்திலேயே தம்மிடம் உள்ளதை எல்லாம் கொடுத்துவிடும். இது அப்படியில்லை. தெரிந்த பாட்டுதானே என்று ஓடவிட்டால், இதுவரை காதில் விழாத ஒரு நடுக்குரல் திடீரென்று மேலே வந்து நிற்கும்.

பாடுபவர்கள் நால்வர்: ஷெரில் பென்டைன், ஜானிஸ் சீகல், ஆலன் பால், டிம் ஹவுசர். மொத்தம் 11 பாட்டுகள். மெட்டுகள் ஜாஸ் உலகில் ஏற்கெனவே பேர் பெற்றவை. வரிகள் முழுக்க ஜான் ஹென்ட்ரிக்ஸ் எழுதியவை. இந்த ஆல்பத்தின் அடிப்படை வேலை இதுதான்: ஒரு டிரம்பெட்டோ சாக்ஸபோனோ பழைய இசைத்தட்டில் வாசித்த சோலோவை (கலைஞர் தனித்து வாசிக்கும் பகுதி) அப்படியே எடுத்துக்கொண்டு, அதன் ஸ்வரங்களுக்கு அசை அசையாக வார்த்தை கட்டுவது. கர்நாடக சங்கீதத்தில் சிட்டை ஸ்வரத்துக்குச் சாகித்யம், அதாவது வார்த்தை கட்டி, பாடக் கேட்டவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஆனால் சிட்டை ஸ்வரம் முன்கூட்டியே அமைத்து வைத்தது. ஜாஸ் சோலோ வாசிக்கிற அந்த நொடியில் பிறந்தது. யாரோ ஒருவர் யோசிக்கக்கூட நேரமில்லாமல் வாசித்த ஓட்டத்துக்குப் பொருளுள்ள வரி எழுதி, அதைப் பாடகர் மூச்சு விட இடமிருக்கும்படியும் அமைக்க வேண்டும். ஹென்ட்ரிக்ஸ் இதை 1950களிலேயே லாம்பர்ட், ஹென்ட்ரிக்ஸ் அண்ட் ராஸ் குழுவில் செய்து காட்டியவர். இங்கே அந்தக் கலைக்கு நான்கு குரல்களும் பெரிய ஸ்டுடியோவும் கிடைத்திருக்கின்றன.

நான் அதிகம் திரும்பிப் போனது 'சிங் ஜாய் ஸ்பிரிங்' பாட்டுக்கு. மூலம் கிளிஃபர்ட் பிரவுன் என்ற டிரம்பெட் கலைஞருடையது. 1954இல் டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச்சோடு சேர்ந்து பதிவு செய்தார். இரண்டே வருடங்களில், 25 வயதில், கார் விபத்தில் இறந்துபோனார். அந்தப் பதிவைத் தேடிப் பிடித்து நன்றாக மனதில் ஏற்றிக்கொண்ட பிறகு இந்தப் பாட்டைக் கேளுங்கள். வேறு பாட்டாகிவிடும். வார்த்தைகளுக்குக் கீழே பிரவுனின் டிரம்பெட் ஓடிக்கொண்டிருப்பது தெரியும். அவர் ஒரு சொற்றொடரை எங்கே இழுத்தார், எங்கே சட்டென்று வெட்டினார் என்பதையெல்லாம் பாடகர்களின் நாக்கும் மூச்சும் பின்தொடர்கின்றன. போதாததற்கு ஜாஸ் மேதை டிஸ்ஸி கில்லெஸ்பி வேறு வந்து டிரம்பெட் வாசிக்கிறார்! ஏழு நிமிடப் பாட்டு. ஒரு இடத்திலும் நீளம் தெரியாது.

இதற்குத் துணையாகவே 'ஓ யெஸ், ஐ ரிமெம்பர் கிளிஃபர்ட்' பாட்டும் ஆல்பத்தில் இருக்கிறது. பிரவுனின் நினைவாக பென்னி கோல்சன் அமைத்த மெட்டு. இறந்தவரின் மெட்டும் அவருக்கான அஞ்சலியும் ஒரே தட்டில். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும்போது எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது.

'அனதர் நைட் இன் டுனீசியா'தான் எல்லோரும் முதலில் பேசும் பாட்டு. பாடகர் பாபி மெக்ஃபெரின் விருந்தினராக வந்து, தொண்டையையே வாத்தியமாக்கிவிடுகிறார். கிராமி விருதுகளும் கிடைத்தன. ஆரம்பத்தில் நானும் இதையே ஓடவிட்டு நண்பர்களுக்குப் போட்டுக் காட்டுவேன். இப்போது அதைவிட 'டு யூ' என்ற மெதுவான பாட்டுதான் எனக்கு மேலாகத் தோன்றுகிறது. தாட் ஜோன்ஸின் மெட்டு. இதில் ஃபோர் ஃபிரெஷ்மென் என்ற மூத்த குழுவும் சேர்ந்து பாடுகிறது. வேகமான பாட்டில் சின்னப் பிசகு கூட ஓட்டத்தில் மறைந்துவிடும். இங்கே ஒவ்வொரு கார்டும் (chord, ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) நின்று ஒலிக்கிறது. ஒரு குரல் மயிரிழை விலகினாலும் காட்டிக்கொடுத்துவிடும். விலகவே இல்லை. ஹார்மனி, அதாவது வெவ்வேறு ஸ்வரங்களில் குரல்கள் இசைந்து ஒலிப்பது, என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் போட்டுக் காட்டுவது இப்போது இதைத்தான்.

குறைகள் உண்டு. சில பாட்டுகளில் கீபோர்டும் டிரம்ஸும் 1985இன் சத்தத்தைச் சுமந்துகொண்டு நிற்கின்றன. 'ரேஸ் ராக்ஹவுஸ்' பாட்டில் அது அதிகம். குரல்களுக்கு வயதாகவில்லை, அந்தச் சத்தத்துக்கு ஆகிவிட்டது. அப்புறம், 'ஏரெஜின்' போன்ற வேகப் பாட்டுகளில் வார்த்தைகள் மிக நெருக்கம். வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு படிக்காமல் பாதிக்கு மேல் பிடிக்க முடியாது. ஆல்பம் முழுவதையும் ஒரே மூச்சில் கேட்டால் காது களைத்துப் போகிறது. இரண்டு மூன்று பாட்டுகளாகப் பிரித்துக் கேட்பதே எனக்குச் சரிப்படுகிறது.

எதில் கேட்பது என்பதும் முக்கியம். சின்ன புளூடூத் ஸ்பீக்கரில் மேல் குரல் மட்டும்தான் துலங்கும். நடுவில் இருக்கும் இரண்டு குரல்களும் கலங்கிப்போகும். இந்த ஆல்பத்தின் உயிரே அந்த நடுக்குரல்கள். சுமாரான ஹெட்ஃபோன் போதும், விலை உயர்ந்தது தேவையில்லை. பழக்கமான பிறகு ஒரு விளையாட்டு விளையாடலாம்: ஒரு பாட்டு முழுக்க ஜானிஸ் சீகலின் ஆல்டோவை (பெண்குரல்களில் தாழ்ந்தது) மட்டும் விடாமல் பின்தொடருங்கள். அடுத்த முறை டிம் ஹவுசரின் கீழ்க்குரல். 2014இல் ஹவுசர் இறந்த பிறகும் குழு தொடர்ந்தது. 2023இல் மேடையிலிருந்து விடைபெற்றது. அந்தக் கீழ்க்குரலைத் தனியாகப் பிரித்துக் கேட்கும்போதுதான் மற்ற மூவரும் எதன் மேல் நின்று இவ்வளவு துணிச்சலாகப் பாடுகிறார்கள் என்பது எனக்குப் புரிந்தது.

ஜாஸ் புதிது என்றால் 'தட்ஸ் கில்லர் ஜோ'வில் தொடங்குங்கள். நடை நிதானமானது, வார்த்தை காதில் விழும். ஜாஸ் ஏற்கெனவே கேட்பவர் என்றால் நேராக 'சிங் ஜாய் ஸ்பிரிங்', ஆனால் பிரவுனின் 1954 பதிவை முதலில் கேட்டுவிட்டு.