பாரசீகத்தை முனையத்தில் எழுத: நானோ, விம், ஈமாக்ஸ், நீட்விஐ

பாரசீக உரை திரையில் சரியாகத் தெரிய வேண்டுமானால் இரண்டு தனித்தனி வேலைகள் நடந்தாக வேண்டும். முதலாவது வரிசைப்படுத்துதல்: எழுத்துகள் வலமிருந்து இடமாகச் செல்ல, அதே வரியில் வரும் எண்களும் லத்தீன் சொற்களும் இடமிருந்து வலமாகவே நிற்க வேண்டும். இரண்டாவது இணைத்தல்: ஓர் எழுத்து சொல்லின் தொடக்கத்தில் வருகிறதா, நடுவிலா, இறுதியிலா என்பதற்கேற்ப வடிவம் மாறி, பக்கத்து எழுத்தோடு ஒட்ட வேண்டும். கோப்பிலோ எழுத்துகள் ஒலிக்கும் வரிசையில்தான் கிடக்கின்றன. ‘கெ’ என்பதில் ககரம் முன்னால் சேமிக்கப்பட்டும் கொம்பு அதற்கு இடப்பக்கம் தெரிவதைத் தினமும் பார்க்கும் தமிழருக்கு இது புதிதன்று. பாரசீகத்தில் அந்த இடமாற்றம் ஓரெழுத்தோடு நிற்காமல் வரி முழுவதும் பரவுகிறது.

எனவே முனையத்தில், அதாவது கட்டளைகளை எழுத்தாகவே அடிக்கும் திரையில், இயங்கும் நானோ, விம், ஈமாக்ஸ், நீட்விஐ ஆகிய உரை எடிட்டர்களை ஒப்பிடும்போது, இவ்விரு வேலைகளில் எதை எடிட்டர் செய்கிறது, எதை முனையத்திடம் விடுகிறது என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

நானோ இரண்டையுமே செய்வதில்லை. எக்ஸ்டெர்ம் போன்ற, இருதிசை அறியாத (இரு திசை எழுத்துகள் கலந்த வரியை வரிசைப்படுத்தத் தெரியாத) முனையத்தில் அதைத் திறந்தால் எழுத்துகள் பிரிந்தும் தலைகீழ் வரிசையிலும் கிடக்கும். எம்.எல்.டெர்ம், கான்சோல், வி.டி.இ. என்ற முனைய நூலகத்தின் 2019இல் வந்த 0.58 பதிப்பிலோ அதற்குப் பிந்தையதிலோ இயங்கும் க்னோம் டெர்மினல் ஆகியவை தாமே வரிசைப்படுத்துவதால், அவற்றில் பாரசீகக் கோப்பைப் படிக்கலாம். ஓரிரு சொற்களைத் திருத்தவும் செய்யலாம். அதற்கு மேல் நானோவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

விம் இணைத்தலைத் தானே செய்கிறது. ‘அராபிக்ஷேப்’ என்ற அமைப்பு இயல்பாகவே இயங்குவதால், எக்ஸ்டெர்மிலும் எழுத்துகள் ஒட்டிய வடிவில் தெரியும். ஆனால் திசையைப் பொறுத்தவரை அதன் தீர்வு முரட்டுத்தனமானது: ‘ரைட்லெஃப்ட்’ அமைப்பை இயக்கினால் சாளரம் முழுவதும் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பிவிடுகிறது. ஈரானின் முதல் அரசியலமைப்பு ஏற்கப்பட்ட ஆண்டை 1906 என்று அடித்தால் திரையில் 6091 என்று தெரியும். இடையில் எழுதிய லத்தீன் சொல் கடைசி எழுத்திலிருந்து தொடங்கும். கோப்பில் எல்லாம் சரியாகவே இருக்கும் என்பது உண்மைதான், ஆயினும் பிழை பார்ப்பவரின் கண்ணுக்கு அந்த ஆறுதல் போதாது. எண்களே வராத கவிதைக்கு விம் போதும். ஆண்டுகள் நிறைந்த கட்டுரைக்குப் போதாது.

மாறாக, வரிசைப்படுத்தும் பொறுப்பை ‘டெர்ம்பிடி’ அமைப்பின் வழியாக முனையத்திடமே விட்டுவிடலாம். அப்போது வேறொரு சிக்கல் முளைக்கிறது. திரையில் எது உரை, எது எடிட்டரின் சட்டகம் என்பது முனையத்துக்குத் தெரியாது. இரண்டு பாரசீகக் கோப்புகளைப் பக்கம் பக்கமாகப் பிரித்துத் திறந்தால், நடுவிலுள்ள தடுப்புக் கோட்டையும் உரையின் பகுதியாகக் கருதி, வலச் சாளரத்தின் சொற்களை இடச் சாளரத்துக்குக் கொண்டுபோய்விடும்.

ஈமாக்ஸின் நிலை விமுக்கு நேர்எதிர். 2012இல் வெளியான 24.1 பதிப்பிலிருந்து யூனிகோடின் இருதிசை விதிகளை அது பின்பற்றுகிறது. எண், லத்தீன் சொல், அடைப்புக்குறி எல்லாம் உரிய இடத்தில் நிற்கின்றன. பத்தியின் முதல் வலுவான (தனக்கெனத் திசை உள்ள) எழுத்தைப் பார்த்துத் திசையைத் தீர்மானிப்பதால், லத்தீன் சொல்லில் தொடங்கும் பாரசீகப் பத்தி இடப்பக்கம் ஒட்டிக்கொள்ளும். பத்தித் திசையைக் கையால் நிர்ணயித்தால் அது சரியாகும். குறை வேறிடத்தில் உள்ளது. தனிச் சாளரத்தில் அழகாக எழுத்துகளை இணைக்கும் ஈமாக்ஸ், முனையத்துக்குள் அந்த வேலையை முனையத்திடமே விட்டுவிடுகிறது. எக்ஸ்டெர்மிலோ வரிசை சரி, ஆனால் எழுத்துகள் தனித்தனி. இணைக்கத் தெரிந்த முனையங்களோ பெரும்பாலும் வரிசையையும் மாற்றுபவை. எடிட்டர் ஒரு முறை, முனையம் ஒரு முறை என இருமுறை திருப்பப்பட்ட உரை பழைய குழப்பத்துக்கே திரும்பிவிடும்.

நீட்விஐ இவர்களிடையே அதிகம் அறியப்படாதது. விஐ என்ற பழைய எடிட்டரின் மரபில் வந்த, அளவில் மிகச் சிறிய இந்த எடிட்டர், வரிசைப்படுத்துதலையும் இணைத்தலையும் தானே செய்கிறது. பாரசீக விசைப்பலகை அமைப்பும் அதற்குள்ளேயே இருக்கிறது. யூனிகோடின் முழு விதிமுறையை அது பின்பற்றுவதில்லை, தனக்கென வகுத்த எளிய விதிகளையே பயன்படுத்துகிறது. ஆகவே சிக்கலான அடைப்புக்குறி அமைப்புகளில் ஈமாக்ஸின் துல்லியத்தை எதிர்பார்க்கக் கூடாது. ஆயினும் முனையத்தை விட்டு வெளியேற விரும்பாதவருக்கு என் தேர்வு இதுவே.

தட்டச்சைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கணினியின் விசைப்பலகையையே பாரசீகத்துக்கு மாற்றினால், விஐ வகை எடிட்டர்களில் எஸ்கேப் விசைக்குப் பின் அடிக்கும் கட்டளைகளும் பாரசீக எழுத்தாகிப் பயனற்றுப் போகும். எடிட்டருக்குள் இருக்கும் விசை அமைப்பைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பாரசீகத்துக்கு இன்றியமையாத ‘நீம்ஃபாசிலே’ என்னும் அரை இடைவெளி அங்கே இடறுகிறது. ‘மீரவம்’, அதாவது ‘போகிறேன்’, என்ற சொல்லில் ‘மீ’ அடுத்த எழுத்தோடு ஒட்டாமலும் முழு இடைவெளி விழாமலும் நிற்க இதுவே வழி. ஈரானியத் தர விசைப்பலகையில் ஷிஃப்டுடன் இடைவெளிப் பட்டையை அழுத்தினால் இது வரும். பெரும்பாலான முனையங்களோ ஷிஃப்டை விழுங்கிவிட்டு வெறும் இடைவெளியையே எடிட்டருக்கு அனுப்புகின்றன. அதற்கென வேறொரு விசையை ஒதுக்கத்தான் வேண்டும். எழுதிய பிறகும் விம் அதைக் கோண அடைப்புக்குள் 200சி என்ற குறியீடாகக் காட்டிச் சொல்லை உடைக்கிறது. நீட்விஐ ஒரு சிறு கோடாகக் காட்டுகிறது.

இருதிசை அறிந்த முனையத்தில் நீட்விஐயைத் திறப்பவர் அதன் ‘ஆர்டர்’ அமைப்பை அணைத்துவிட வேண்டும். இல்லையேல் ஈமாக்ஸுக்கு நேர்ந்த அதே இரட்டைத் திருப்பம் இங்கும் நேரும்.