படுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்: படுக்கையறை விளக்குக்கு ஓலைப்பெட்டியா, கோரைப்பாயா, மண்சட்டியா?

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுப் படுக்கையறை பத்துக்குப் பத்து. தாத்தா காலத்துத் தேக்குக் கட்டில், சிவப்புச் சிமென்ட் தரை. இதற்கு நடுவே வெள்ளை பிளாஸ்டிக் ஹோல்டரில் மொட்டையாக ஒரு 9 வாட்ஸ் எல்இடி பல்பு. கடையில் தொங்குவிளக்கு விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பி வந்தேன். தொங்கு ஹோல்டரும் ஒயரும் நூறு ரூபாய்க்குள் முடிந்தன. அதன்மேல் கவிழ்க்க நம்மூர்ச் சாமான் மூன்றை மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தேன்.

முதலில் ஓலைப்பெட்டி. உடன்குடிக் கருப்பட்டி வந்த பெட்டி வீட்டிலேயே கிடந்தது, செலவே இல்லை. அடியில் ஹோல்டர் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டுக் கவிழ்த்தேன். பின்னலின் சந்து வழியே வெளிச்சம் கசிந்து, சுவரெல்லாம் கட்டம் கட்டமாக நிழல். தேக்குக்கும் சிவப்புத் தரைக்கும் அப்படி ஒரு பொருத்தம். ஆச்சி மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, “ஏல, கோழி கவுக்குற பஞ்சாரத்த ஏன் மேல கட்டித் தொங்கவிட்டிருக்க?” என்றாள்.

அன்று ராத்திரி கட்டிலில் மல்லாந்து படுத்தபோதுதான் கோளாறு புரிந்தது. பெட்டியின் வாய் கீழே பார்க்கிறது; பல்பு நேராகக் கண்ணில் குத்துகிறது. பட்டாசலில், அதாவது கூடத்தில், மாட்டும் விளக்கை நின்று பார்த்து வாங்கலாம். படுக்கையறை விளக்கைப் படுத்துப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. பெட்டியைக் கட்டிலின் தலைமாட்டு மூலைக்கு நகர்த்தி, வாய் தலையணை மட்டத்துக்கு வரும்படி இறக்கினேன். கண்கூச்சம் போய்விட்டது. ஆனால் காலையில் ஒயர் நெடுக எறும்பு. கருப்பட்டி வாசம் பெட்டியை விட்டுப் போகவில்லை. கழற்றி, வெந்நீரில் முக்கி, வடிவம் கோணாமல் உள்ளே ஒரு பாத்திரத்தைக் கொடுத்து நிழலில் காயவைத்தேன்.

அடுத்தது பத்தமடைக் கோரைப்பாய். புவிசார் குறியீடு பெற்ற பாய் ஆயிற்றே, வெட்ட மனசு வருமா? மெல்லிசாக நெய்த பட்டுப்பாயைத் தொடவே வேண்டாம். சாதாரண ரகத்தில் சின்னத் துண்டு போதும். நெடுக்கே ஓடும் பாவு பருத்தி நூல், குறுக்கே ஓடும் ஊடை கோரை. கத்தரி பட்ட இடத்தில் நூல் நழுவிக் கோரை ஒவ்வொன்றாக உதிரும். வெட்டப்போகும் கோட்டின் இரண்டு பக்கமும் முதலில் தையல் ஓட்டிவிட்டு நடுவில் வெட்ட வேண்டும். அப்புறம் கட்டுக்கம்பியில் இரண்டு வளையம் செய்து, மேலும் கீழும் வைத்துச் சுற்றித் தைத்தால் முரசு போல நிற்கும். கீழ்வாயில் பட்டர் பேப்பரை வட்டமாக வெட்டி ஒட்டினால் படுத்தாலும் பல்பு தெரியாது. மேல்வாயை மட்டும் மூடாதீர்கள். சூடு வெளியேறாவிட்டால் எல்இடி சீக்கிரம் போய்விடும். பாய் வழியே வரும் வெளிச்சம் தேன் நிறம், நிழலே இல்லாமல் சீராக இருக்கிறது. வெள்ளை டைல்ஸ், கிரீம் பெயின்ட் அடித்த புது வீட்டு அறைக்கு ஓலையைவிட இதுதான் எடுப்பு. பழைய தேக்குக்குப் பக்கத்தில் கொஞ்சம் லாட்ஜ் ரூம் மாதிரி ஆகிவிடுகிறது.

மூன்றாவது, காருகுறிச்சிப் பக்கம் வாங்கிய மண்சட்டி. சுட்ட சட்டியில் டிரில் வைத்தேன். மூன்றாவது ஓட்டையில் விரிசல் விட்டது. சூளைக்குப் போகும் முன், ஈரப்பதத்தில் இருக்கும்போதே ஓட்டை போட்டுத் தரச் சொல்வதுதான் வழி. எடையும் அதிகம். ஒயரில் தொங்கவிடக் கூடாது, தனிச் சங்கிலியும் கொக்கியும் வேண்டும். வாயை மேலே பார்த்து வைத்தால் வெளிச்சம் கூரையில் பட்டு மெதுவாக இறங்கும். படுத்துப் பார்க்க மூன்றிலும் சுகமானது இதுதான். ஆனால் புத்தகம் படிக்க முடியாது, மழைக்காலத்தில் சட்டி நிறைய ஈசல் இறகு.

எதை மாட்டினாலும் மின்விசிறி இறக்கைக்கு மேலே பல்பு போகக் கூடாது. வெளிச்சம் வெட்டி வெட்டித் தலைவலி வரும். குண்டு பல்பும் ஆகாது. 60 வாட்ஸ் சூடு ஓலைக்கும் கோரைக்கும் ஆபத்து. எல்இடியிலும் 6500 கெல்வின் (வெளிச்ச நிறத்தின் அளவு) வெள்ளை போட்டால் ஓலை வெளிறி, அறை ஆஸ்பத்திரி வார்டு ஆகிவிடும். மஞ்சள் சாயல் வர 3000 கெல்வின் என்று அட்டையில் பார்த்து வாங்குங்கள்.

எங்கள் அறையில் ஓலைப்பெட்டி தங்கிவிட்டது. பாயை மகள் தன் அறைக்குத் தூக்கிப் போய்விட்டாள். விரிசல் விட்ட சட்டியில் ஆச்சி கற்றாழை நட்டிருக்கிறாள். தண்ணீர் வடிய ஓட்டை ஏற்கெனவே இருக்கிறதாம்.